‘யாராவது’ என்று கேட்டால்

நேயர்களுக்கு வணக்கம். கொள்ளைநோய்க் காலத்தில் ஒருவர் இன்னொருவருக்கு எதனால் உதவுகிறார் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனசு என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மனசு நல்ல மனசுதான், அப்படியிருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்த நாட்கள் நமக்கு உண்டு. எனக்கும் உண்டு.

2020இல் காய்ச்சலோடு தனி அறையில் கிடந்தபோது, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் “யாராவது மருந்து வாங்கித் தர முடியுமா?” என்று போட்டேன். முப்பது, நாற்பது பேர் பார்த்தார்கள். இரண்டு கும்பிடு, ஒரு “சீக்கிரம் குணமாகட்டும்”, அவ்வளவுதான், சாயங்காலம் வரை மருந்து வரவில்லை. அப்புறம் மேல்மாடிக்காரர் ஒருவரை, படியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி என்ற அளவுக்கே பழக்கம், போனில் கூப்பிட்டு, இன்ன மாத்திரை, கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போனால் போதும் என்றேன். அரை மணி நேரத்தில் பை கதவில் தொங்கியது. காலையிலேயே அவரும் என் செய்தியைப் படித்திருக்கிறார். வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்தாராம்.

இதை 1968இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஜான் டார்லி, பிப் லட்டானே என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து இண்டர்காமில் பேசவிட்டார்கள், நடுவில் ஒரு குரல் வலிப்பு வந்ததுபோலத் திணறுகிறது (அது ஒலிப்பதிவு என்பது கேட்பவருக்குத் தெரியாது). கேட்பது நான் ஒருவன்தான் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி ஓடினார்கள். தன்னைப்போல இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் ஓடியது 31 சதவீதம். எழாமல் இருந்தவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது, அவர்களில் பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது.

அதனால் கேட்கிற விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2020 மார்ச்சில் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை 2.5 லட்சம் தன்னார்வலர்கள் வேண்டும் என்றது. ஒரு வாரத்துக்குள் 7.5 லட்சம் பேர் பெயர் கொடுத்து, பதிவையே நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. என்ன வேலை என்று சொல்லித்தான் கேட்டார்கள்: தனியாக இருப்பவரோடு போனில் பேசு, மருந்தைக் கொண்டுபோய்க் கொடு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவரைக் காரில் கொண்டுவிடு. செய்யக்கூடிய அளவில் ஒரு வேலை. அப்புறம், வேலை வந்தால் தெரிவிக்கிற செல்போன் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு வேலையும் வராமல் பலர் காத்துக்கிடந்தார்கள் என்பது வேறு கதை.

மீதிப் பாதி, பயம். கிமு 430இல் ஏதென்ஸில் கொள்ளைநோய் வந்தபோது அதில் விழுந்து பிழைத்தவர் துசிடிடிஸ் என்ற வரலாற்றாசிரியர். மானத்துக்கு அஞ்சி நோயாளிகளைப் பார்க்கப் போனவர்கள் செத்தார்கள், போகாத வீட்டில் நோயாளி தனியாகச் செத்தார் என்று எழுதுகிறார். யார் அதிகம் இரங்கினார்கள் என்றால், நோய் வந்து பிழைத்தவர்களாம். வலி இன்னதென்று அவர்களுக்குத் தெரியும், மறுபடி வந்தாலும் உயிர் போகாது என்பதும் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோதும், பெற்றோர் சிகிச்சைக்குப் போய்விட, தனியாக நின்ற குழந்தைகளைத் தூக்கிவைத்துக்கொள்ள, எபோலாவிலிருந்து மீண்டவர்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். மற்றவர்களுக்கும் அந்தக் குழந்தை அழுதது கேட்டிருக்கும், தொடத்தான் முடியவில்லை.

இந்த இரண்டு கணக்குக்குள்ளும் அடங்காத ஒன்றும் இருக்கிறது. 1793இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் மஞ்சள் காய்ச்சல். ஓட முடிந்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வராது என்று அங்கிருந்த பெரிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ் நம்பினார், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வாருங்கள் என்று பத்திரிகையில் அவர்களுக்கு வேண்டுகோள் வந்தது. கறுப்பின மக்களின் தலைவர்களான அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் இருவரும் கிளம்பினார்கள். முதலில் போன வீட்டில் மனைவி செத்துக் கிடக்கிறாள், கணவன் சாகும் நிலையில் இருக்கிறான், பக்கத்தில் இரண்டு குழந்தைகளைத் தவிர ஆளில்லை. அன்றைக்கு மட்டும் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள்.

ரஷ் சொன்னது தப்பு என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று, அவர்களுடைய ஆட்களும் விழ ஆரம்பித்தார்கள். நோய் வராது என்ற தைரியம் போய்விட்டது, அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. போகவில்லை. கடவுள் நம்பிக்கை ஒரு காரணம், நம்மையும் மனிதர்களாக மதிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பும் இருந்திருக்கும், எதிர்பார்த்தால் என்ன தப்பு? ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நோய் வருவதற்கு ஆறு வருடம் முன்பே, 1787இல், இந்த இருவரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, படுக்கையில் விழுந்தவரையும் விதவைகளையும் கவனித்துக்கொள்ள. சாதாரண நாட்களில் செய்து பழகிய கைகள் அவை.

நோய் ஓய்ந்ததும் பழி வந்தது. கறுப்பினத்தவரில் சிலர் நோயாளிகளிடம் அநியாயக் கூலி பிடுங்கினார்கள், திருடினார்கள் என்று மாத்யூ கேரி என்ற பதிப்பாளர் அச்சடித்துவிட்டார். 1794இல் ஜோன்ஸும் ஆலனும் தாங்களே ஒரு சிறு புத்தகம் போட்டுப் பதில் சொன்னார்கள். அதில், பிணங்களை அடக்கம் செய்ய வந்த பணம் இவ்வளவு, சவப்பெட்டிக்கும் ஆள்கூலிக்கும் கொடுத்தது இவ்வளவு என்று வரவுசெலவையும் போட்டிருக்கிறார்கள். வரவைவிடச் செலவுதான் அதிகம்.