கூடம் கோணலா, கூடமே இல்லையா?

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதும்போது சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன்; சில இடங்களில் சுருக்க மனம் வரவில்லை.)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஒன்பதாம் வகுப்பில் ஜாவா எங்கே இருக்கிறது என்று பிரம்பு நுனியால் எனக்குக் காட்டிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, மாலையிலிருந்து இந்த ஒலிவாங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். சால்வை போர்த்திய வர்த்தகர் சங்கத்துப் பெரியவருக்குத் தனியாக ஒரு நன்றி. போன வருடம் போர்த்தியதைவிட இது கொஞ்சம் கனமாக இருக்கிறது.

சோலோ நகரத்துப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் என்பதால், இந்தோனேசிய மக்கள் இன்றைக்கு எதைப் பார்க்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். பாட்டு, சினிமா, பாவைக்கூத்து மூன்றையும் பேசுவேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இது நம் பழமொழி மட்டும் என்று நினைத்திருந்தேன். ஆட வராதவர் தரை மேடுபள்ளம் என்பாராம் என்று அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். அதைக் கேட்ட அன்றே அந்த ஊர் எனக்குச் சொந்த ஊராகிவிட்டது.

முதலில் பாட்டு. அங்கே டங்டுட் என்று ஒரு இசை. மத்தளம் எழுப்பும் ஓசையே அதற்குப் பெயர். 'டங்' என்று ஒரு அடி, 'டுட்' என்று ஒரு இழுப்பு. மலாய் இசைக்குழுக்களின் பாட்டு, அரபு மெட்டு, இந்தி சினிமாப் பாட்டு எல்லாம் கலந்து ஊறியது. 1970-களில் ரோமா இராமா அதில் மின் கிட்டாரை நுழைத்தார். அவரை இன்றும் டங்டுட் ராஜா என்கிறார்கள். படித்தவர்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள், லாரி ஓட்டுபவர்கள் கேட்கிற பாட்டு என்று. 2003-இல் இனுல் என்ற பாடகி இடுப்பை ஆட்டியதில் நாடே இரண்டுபட்டது. தலைமையாசிரியர் முன்னால் அதை நான் விவரிக்கப் போவதில்லை. பதினைந்து வருடம் கழித்து, 2018-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அதிகாரப்பூர்வப் பாட்டைப் பாடியவர் வியா வாலன், ஒரு டங்டுட் பாடகி. 2022 ஆகஸ்ட் 17, அவர்களுடைய சுதந்திர தினம். ஜனாதிபதி மாளிகையில் பான்யுவாங்கியைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஃபாரெல், 'என்னை ஒப்பிட்டுப் பார்க்காதே' என்ற பொருளில் ஒரு பாட்டுப் பாடினான். பாடியது தேசிய மொழியில் இல்லை, ஜாவா மொழியில். அமைச்சர்கள் எழுந்து ஆடினார்கள்.

இன்னொருவர் டிடி கெம்போட், சோலோக்காரர். கெம்போட் என்பது அவருடைய குடும்பப் பெயர் இல்லை. 'நடைபாதைப் பாடகர் குழு' என்பதன் சுருக்கம். தெருவில் பாடி வளர்ந்ததைப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். பலாபான் ரயில் நிலையத்தில் காதலியை வழியனுப்பிவிட்டுக் காத்திருப்பவனின் பாட்டு ஒன்று அவருடையது. நான் அந்த நிலையத்தில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். பாட்டைக் கேட்ட பிறகு சும்மா இறங்க முடிந்ததில்லை. அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு கல்லூரிப் பிள்ளைகள் திடீரென்று அவரைக் கொண்டாடத் தொடங்கினார்கள். காதலில் தோற்றவர்களின் ஞானத்தந்தை என்று பட்டமே கொடுத்தார்கள். 2020 மே மாதம் காலமானார்.

இப்போது கூத்துக்கு வருகிறேன். சினிமா கடைசியில்.

என்னோடு வேலை பார்த்த ஒரு மேஸ்திரி வீட்டுக் கல்யாணம். இரவு வாயாங் குலிட், தோல்பாவை நிழற்கூத்து. வீட்டுக்கு முன்னால் தெருவையே அடைத்துப் பந்தல். நான் மரியாதையாகத் திரைக்கு முன்னால், நிழல் விழுகிற பக்கம் போய் உட்கார்ந்தேன். பார்த்தால் கூட்டம் பூராவும் அந்தப் பக்கம், பாவையை ஆட்டுகிற டாலாங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது! நிழல் பக்கம் நானும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஒரு நாயும்தான். வெட்கப்பட்டு எழுந்து போய் அந்தப் பக்கம் ஒரு பெரியவர் அருகில் உட்கார்ந்தேன். வேகவைத்த நிலக்கடலை, இஞ்சித் தண்ணீர், சுற்றிலும் கிராம்புச் சுருட்டுப் புகை. டாலாங் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், விடியும்வரை எழுந்திருக்கவில்லை. கையில் பாவை, வாயில் அத்தனை பேருடைய குரலும், கால் விரலோ உலோகத் தகட்டைத் தட்டிச் சண்டைக்குத் தாளம் போடுகிறது. கதை மகாபாரதம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பெரியவரிடம், "இது எங்கள் ஊர்க் கதை" என்றேன். "அப்படியா பாக்" என்றார். பாக் என்றால் ஐயா மாதிரி.

நள்ளிரவானது. கோமாளிகள் வந்தார்கள். செமார், கொழுத்த கிழவன், உண்மையில் தேவன், வேலைக்காரனாக இறங்கி வந்தவன். கூடவே நொண்டிக்கால் காரெங், நீள மூக்குப் பெத்ருக், செமாரின் நிழலிலிருந்து பிறந்த பாகோங். அர்ச்சுனனையே கிண்டல் செய்கிறார்கள், ஊர்த் தலைவரை இழுக்கிறார்கள், பெட்ரோல் விலை பேசுகிறார்கள். கூட்டம் புரண்டு சிரிக்கிறது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "உங்கள் ஊர்க் கதையில் செமார் எப்படி, பாக்?"

"எங்கள் கதையில் செமார் கிடையாது" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "செமார் இல்லையா? அப்போது பாவம், அர்ச்சுனனுக்கு யார்தான் புத்தி சொல்வது?" என்று கேட்டு, தன் கடலையில் பாதியை என் பக்கம் தள்ளினார். கிருஷ்ணன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த இரக்கத்தைப் பார்த்துக் கடலையைத் தின்றேன்.

(இந்த இடத்தில் தலைவர் மணியடித்தார். கைதட்டலில் எனக்குக் கேட்கவில்லை.)

கைப்பேசி வந்து கூத்து அழிந்தது என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! யோக்யகார்த்தாவில் கி செனோ நுக்ரோஹோ என்று ஒரு டாலாங் இருந்தார். அவர் கைப்பேசியைத் திட்டவில்லை. இரவு முழுவதும் நடக்கிற கூத்தை யூடியூபில் நேரலையாக விட்டார். அவருடைய பாகோங்குக்காகவே இளைஞர்கள் கண்விழித்தார்கள். கொரோனாவில் மேடை அடைபட்டபோதும் வீட்டிலிருந்து ஆட்டினார். பார்த்தவர்கள் அனுப்பிய பணம் வாத்தியக்காரர்களுக்குப் போனது. 2020 நவம்பரில் 48 வயதில் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டங்டுட்டோ கூத்தோ, ஒரு மைதானம், ஒரு பந்தல், அடைக்கக் கூடிய ஒரு தெரு என்று ஏதோ ஓர் இடம் அங்கே முதலில் கிடைக்கிறது. காசு கொடுத்து நுழையாத இடம். அங்கே ஆடிப் பழகியதுதான் அப்புறம் மாளிகைக்கும் யூடியூபுக்கும் போகிறது.

இங்கே? நம் ஊர்த் திறந்தவெளி அரங்கம் பூட்டி ஆறு வருடம் ஆகிறது. மேடையில் பழைய தெருவிளக்குக் கம்பங்கள். ஒப்பனை அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், சரி. ஆடத் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊரில் முப்பது பேர் இருக்கிறார்கள். கூடத்தைத்தான் காணோம்.

உறுப்பினர் அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பை ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறேன்.

சினிமாவுக்கு நேரமில்லை என்று சீட்டு வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: அங்கே ஒரு படம் ஓடியதா என்று கேட்டால் வசூலைச் சொல்வதில்லை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தலையை எண்ணிச் சொல்கிறார்கள். 2025-இல் ஜும்போ என்ற கார்ட்டூன் படத்தை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மீதியை அடுத்த ஆண்டு அழைத்தால் சொல்கிறேன்.

அரங்கத்தைத் திறக்கக் கேட்டு ஒரு மனு, தேநீர் மேசைமேல் வைத்திருக்கிறேன். இதுவரை 212 கையெழுத்து. பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன், போன தடவை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் ஐயா முதலில் போடட்டும். வணக்கம்.