ஒன்பது நிமிடக் கதவு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். காதலையும் காலப்பயணத்தையும் சேர்த்து எழுதும் என் நாவல்கள் எங்கிருந்து பிறக்கின்றன, அவற்றை எப்படி எழுதுகிறேன் என்று பேசும்படி வானொலி நிலையத்தார் அழைத்திருந்தார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு நேர்மையான பதில்தான் இருக்கிறது. அது என் அத்தையின் வீட்டுச் சுவர்க் கடிகாரத்திலிருந்து தொடங்குகிறது.

தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பெஞ்சு ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி நின்று, கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை சாவி கொடுப்பார். பெஞ்சு ஆடாமல் பிடித்துக்கொள்வது பத்து வயதில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அத்தை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருநாள் கீழே நின்றபடி கேட்டுவிட்டேன். அவர் சாவியைத் திருகுவதை நிறுத்தவில்லை. "கொஞ்சம் முன்னாடியே பொறந்துட்டேன்டி" என்றார். 1958-இல், தன்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரை அவர் விரும்பியதும், சாதி வேறு என்பதால் வீட்டில் அந்தப் பேச்சே எழ விடாமல் செய்ததும், அந்த ஆசிரியர் மாற்றல் வாங்கிக்கொண்டு தென்மாவட்டத்துக்குப் போய்விட்டதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகே தெரியவந்தன.

முன்னாடியே பிறந்துவிட்டேன் என்ற அந்தச் சொல்லை நான் இன்றுவரை விடவில்லை. ஒருவருடைய காதலுக்கு இடம் கொடுக்காத ஆண்டும், இடம் கொடுக்கும் ஆண்டும் ஒரே ஆயுளுக்குள் அருகருகே இருக்கின்றன என்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக ஒரு வழி இருந்தால் என்ன என்று மனம் கேட்கத்தானே செய்யும்? நான் எழுதிய காலப்பயணக் கதைகள் எல்லாமே இந்தக் கேள்வியின் கிளைகள்தான்.

இது நமக்குப் புதிய கற்பனையும் அல்ல. பாகவதத்தில் ககுத்மி என்ற அரசன், தன் மகள் ரேவதிக்கு ஏற்ற மாப்பிள்ளை யார் என்று கேட்பதற்காக அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மலோகம் போகிறான். அங்கே கந்தர்வர்களின் பாட்டு நடந்துகொண்டிருப்பதால், முடியட்டும் என்று சிறிது நேரம் காத்திருக்கிறான். பாட்டு முடிந்து அவன் கேட்டபோது, நீ மனத்தில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மறைந்துவிட்டார்கள், பூமியில் 27 சதுர்யுகங்கள் கடந்துவிட்டன என்று பிரம்மா சொல்கிறார். பிறகு ரேவதி பலராமனை மணக்கிறாள். கோவில் மண்டபத்தில் இந்தக் கதையைக் கேட்ட நாளில் எல்லோரும் அரசனைப் பற்றியே பேசினார்கள். நானோ ரேவதியை நினைத்துக்கொண்டிருந்தேன். தோழிகள் ஒருவரும் இல்லாத, தன் ஊர்ப் பேச்சே மாறிப்போன ஓர் உலகத்தில் தாலி கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு முதல் இரவு எப்படி விடிந்திருக்கும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. காதல் நாவல் எழுதுகிறவளுக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது.

இப்போது எழுதி முடிக்கும் நிலையில் இருக்கும் நாவலை வைத்தே என் முறையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு ஒரு கதவு வேண்டும். இயந்திரங்களில் எனக்கு நாட்டமில்லை. வரலாற்றிலேயே ஏதாவது ஓர் இடுக்கு இருக்கிறதா என்று தேடுவேன். அப்படித் தேடியபோது மதராஸ் நேரம் கிடைத்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வுக் கூடத்தின் கணக்கை ஒட்டி, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடிய நேரம் அது. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் அந்த நேரத்துக்குத்தான் ஓடின. பிறகு 1906 ஜனவரி முதல் நாளன்று, ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதாவது, சென்னையின் கடிகார முட்கள் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. அந்த ஒன்பது நிமிடங்கள் எங்கே போயின? எந்தக் கடிகாரமும் காட்டாத, யாரும் வாழாத ஒன்பது நிமிடங்கள் அந்த நள்ளிரவில் கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டேன். இன்றைய சென்னையில் பழைய கடிகாரங்களைப் பழுது பார்க்கும் இளைஞன் ஒருவன் அதற்குள் நுழைகிறான். மறுபக்கத்தில் இருபது வயதுக் காமாட்சி, சிம்னி விளக்கின் முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த எல்லை போட்டபின் கதை தானாக இறுகியது. அவர்களுடைய ஒவ்வொரு சந்திப்பும் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீடிக்க முடியாது. ஆகையால் ஒவ்வொரு சந்திப்பையும் எழுதிய பிறகு, மேசைமேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பேன். பேச்சுக்கு நடுவில் அவர்கள் மௌனமாக இருக்கும் இடங்களில் நானும் மௌனமாக இருப்பேன். பத்தாவது நிமிடத்துக்குள் போய்விட்டால் வெட்டித்தான் ஆகவேண்டும். அப்படி வெட்டியவற்றில் மிகவும் அழகான வாக்கியங்களும் உண்டு. அவற்றை ஒரு தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், திரும்ப எடுத்ததில்லை. வானொலி உரைக்கு ஒதுக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், இன்று இந்த ஒலிவாங்கியின் முன்னால் காமாட்சியின் அவசரம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

அகப்பாடல்களுக்கு நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. காதலர் என்ன பேசினார்கள் என்பதற்கு முன்பே எந்த நிலம், எந்தப் பொழுது என்று கேட்ட மரபு நம்முடையது. என் ஒன்பது நிமிடங்கள் விழுந்திருப்பது யாமத்தில், காதலர் கூடுவதைப் பாடும் குறிஞ்சித் திணைக்கு உரிய நள்ளிரவுப் பொழுதில். இதை நான் திட்டமிடவில்லை. எழுதிப் பாதி கடந்தபின் கண்டுகொண்டு, நெடுநேரம் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சிரமம் மொழி. முதல் பிரதியில் காமாட்சி, "நான் உங்களைக் காதலிக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். 1906-இல் அவளுடைய வீட்டில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அக்காலக் கடிதங்களைப் படித்தேன். "இவ்விடம் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்திற்கு எழுதவும்" என்று தொடங்கும் அந்தக் கடிதங்களில் அன்பு நேராக வருவதே இல்லை. யார் இருமினார்கள், எந்த மாடு கன்று போட்டது என்பவற்றுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. ஆகவே அந்த வசனத்தை அடித்துவிட்டேன். இப்போது காமாட்சி விளக்கின் திருகைத் திருப்பித் திரியை ஏற்றுகிறாள், அவ்வளவுதான். வீட்டார் விழித்துக்கொள்ளக்கூடும் என்று தெரிந்தும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவள் வெளிச்சத்தைக் கூட்டுகிறாள்.

காமாட்சி ஒரு விதவை. எட்டு வயதில் திருமணம், பதினொன்றில் எல்லாம் முடிந்தது. இந்த இடத்தில்தான் என் அத்தையின் சொல்லை நான் திருத்திப் படிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது. காமாட்சி பிறப்பதற்கு முன்பே அவளுக்கான கதவைச் சட்டம் திறந்து வைத்திருந்தது. அவளுடைய வீட்டுக்குள் அந்தச் செய்தி வரவில்லை. அத்தையின் கதையும் அப்படித்தான். சாதி கடந்து, மதம் துறக்காமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வழி வைத்திருந்தது. 1958-இல் அந்தச் சட்டம் வந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் முன்னாடி பிறக்கவில்லை, அவருடைய வீடுதான் பின்னாடி இருந்தது. சட்டத்தின் ஆண்டு ஒன்று, அது அடுப்பங்கரைக்கு வந்து சேரும் ஆண்டு வேறு என்பதை உணர்ந்த பிறகு, என் கதைகளில் காலப்பயணம் செய்யவேண்டிய தூரம் எது என்பது எனக்கு மாறிப்போனது.

அதே வானாய்வுக் கூடத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே தலைமை வானியலாளராக இருந்த நார்மன் போக்சனின் மகள் ஐசிஸ் போக்சன், 1873 முதல் தந்தையோடு கணக்கீட்டுப் பணியில் இருந்தார். லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராக 1886-இல் தந்தை அவர் பெயரை முன்மொழிந்தார். பெண் என்பதால் அது நடக்கவில்லை. 1920-இல்தான் அவர் சேர்க்கப்பட்டார். நட்சத்திரங்களின் வேலையைச் செய்தவருக்கே 34 ஆண்டுகள் என்றால், விளக்கடியில் எழுத்துக் கூட்டும் காமாட்சிக்கு எத்தனை? அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவளை இந்தப் பக்கம் அழைத்து வருவது என்று முடிவு செய்தேன்.

கதாநாயகன் எதிர்காலம் தெரிந்தவன் என்பதால் அவனுக்கு ஓர் அநியாயமான பலம் இருக்கிறது. அவள் எப்போது சாவாள் என்பதைக்கூட அவனால் பழைய பதிவேடுகளில் தேடிப் பார்க்க முடியும். காதலில் ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. எனவே அவன் தேடப் போய், அலமாரி வரை சென்று, திறக்காமல் திரும்புகிறான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த அத்தியாயத்தில்தான்.

சென்ற மாதம் கைப்பிரதியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. கடைசி அத்தியாயத்தில் காமாட்சி ஒன்பதாவது நிமிடத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நம் காலத்துக்கு வந்துவிடுகிறாள். இருவரும் கடற்கரையில் சூரிய உதயம் பார்க்கிறார்கள். நான் படித்து முடித்ததும் அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கடற்கரை இருக்கட்டும். அந்தப் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனானே, யாரு கதவைத் திறந்தா?" என்று கேட்டார்.

நான் அதை எழுதவே இல்லை. எட்டு மாதம் பழைய கடிதங்களிலும் கடிகாரங்களிலும் மூழ்கியிருந்தவளுக்கு, அந்த ஒரு கதவு நினைவுக்கு வரவில்லை. சூரிய உதயத்தை எடுத்துவிட்டேன். இப்போது கடைசிப் பக்கத்தில், காலை ஐந்தரை மணிக்கு, அவனுடைய அம்மா பால் பாக்கெட் எடுப்பதற்காகத் தாழ்ப்பாளில் கை வைக்கிறார். வெளியே காமாட்சி, 1906-ஆம் ஆண்டின் புடவையில், வாசற்படிக்குக் கீழேயே நிற்கிறாள். அந்த அம்மா வாயைத் திறந்து சொல்லப்போகும் முதல் சொல்லை இதுவரை பதினொரு முறை எழுதி அடித்திருக்கிறேன். இன்றிரவு மறுபடியும் உட்கார வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தமைக்கு நன்றி, வணக்கம்.