ஏரி ஒன்று, நோட்டுகள் பல

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை முடியும் நேரத்தில், நாங்கள் இருபது பேர் ஓர் ஏரிக்கரையில் மரக்கன்று நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். பொட்டல் மேடு அது. இங்கே நாலு மரம் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் விடாமல் கத்தியபடி வட்டமிட்டன. ஏன் கத்துகின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மதியம், பறவைகளைக் கணக்கெடுக்கும் வேறொரு குழுவினர் வந்தார்கள். வந்ததும் கோபத்தில் அவர்களுக்குப் பேச்சே வரவில்லை. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. திறந்த தரையில், கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாகத் தெரியும் முட்டைகளை இடும். நாங்கள் தோண்டிய மண்ணை அள்ளிப் போட்ட இடத்தில்தான் அந்த முட்டைகள் இருந்தன.

அந்த மேட்டில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஜோடி முட்டையிடுகிறது என்று அவர்களுடைய நோட்டில் எழுதியிருந்தது. எத்தனை கன்று நட்டோம், எத்தனை பிழைத்தது என்று எங்கள் நோட்டில் எழுதியிருந்தது. ஒரே ஏரிதான். ஒருவர் நோட்டை மற்றவர் புரட்டிப் பார்த்ததில்லை. அன்று பேசிய பேச்சுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் இரண்டு குழுவும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சுற்றுச்சூழல் அமைப்புகள் சேர்ந்து செயல்படுவது பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தபோது அந்த முட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. சேர்வது என்றதும் பலருக்கும் ஒரு கூட்டமைப்பு, அதற்கு ஒரு பெயர், ஒரு தலைவர், ஒரு கூட்டறிக்கை என்றுதான் தோன்றுகிறது. அப்படித் தொடங்கிய முயற்சிகள் சிலவற்றில் நானும் இருந்திருக்கிறேன். யார் பெயர் முதலில் வரவேண்டும் என்ற பேச்சிலேயே மாதங்கள் போய்விட்டன. அதனால் சொல்கிறேன்: முதலில் நோட்டுகளைச் சேருங்கள். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டைச் சேர்ப்பதால் என்ன கிடைக்கும்? நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் தன்னார்வலர்கள் தங்கள் பகுதி நீர்நிலைகளுக்குப் போய் எண்ணுகிறார்கள். ஒரே காலத்தில் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. வாத்துக் கூட்டம் இன்று இந்த ஏரியில் இருக்கும், அடுத்த வாரம் பக்கத்து ஏரிக்குப் போய்விடும். ஆளுக்கொரு நாளில் எண்ணினால் ஒரே பறவையை இருமுறை எண்ணுவோம், அல்லது ஒருமுறைகூட எண்ணாமல் விடுவோம்.

உலக அளவில் முக்கியமான ஈரநிலம் எது என்று முடிவு செய்ய, ஈரநிலங்களைக் காக்க 1971-இல் நாடுகள் கையெழுத்திட்ட ராம்சார் உடன்படிக்கை வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று இது: ஒரு நீர்ப்பறவை இனத்தின் மொத்தத்தில் 1 விழுக்காடு அந்த இடத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். இதை நேயர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் ஏரியில் முந்நூறு பறவைகளை எண்ணிவிட்டீர்கள். முந்நூறு அதிகமா, குறைவா? அந்த இனத்தின் மொத்தம் தெரியாமல் அதைச் சொல்லவே முடியாது. அந்த மொத்தமோ, மற்ற எல்லா ஏரிகளிலும் யார் யாரோ எண்ணிய கணக்கிலிருந்துதான் வரவேண்டும். உங்கள் ஏரியின் மதிப்பைச் சொல்லும் எண் உங்களிடம் இல்லை, முகம் தெரியாத இன்னொரு குழுவின் நோட்டில் இருக்கிறது.

கடற்கரைத் தூய்மைப் பணியிலும் இதே கதைதான். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் சுமார் 2,800 தன்னார்வலர்களோடு தொடங்கி, இன்று பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாளாக வளர்ந்திருக்கும் அந்த முயற்சியில், முதல் ஆண்டிலிருந்தே குப்பையைப் பொறுக்கியதோடு நிறுத்தாமல் எதை எத்தனை பொறுக்கினோம் என்று எழுதிவைத்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி அட்டையில் எழுதுவதால் ஒரு கரையை இன்னொரு கரையோடு ஒப்பிட முடிகிறது. வெறும் மூட்டைக் கணக்கு இருந்தால் அடுத்த ஆண்டும் மூட்டைதான் சுமப்போம். குப்பை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் போகவே மாட்டோம்.

பொதுப் படிவம் என்றதும் பெரிய கணினி ஏற்பாடு தேவை என்று பயப்பட வேண்டாம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், எத்தனை பேர் போனோம், என்ன பார்த்தோம் என்பவை போதும். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். போய்ப் பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால் சுழியம் என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்துக்கு யாரும் போகவில்லை என்று பொருள். சுழியத்துக்கு, போனோம், இல்லை என்று பொருள். ஓர் இனம் ஓர் இடத்திலிருந்து மறைந்துபோனதை நிரூபிக்க அந்தச் சுழியங்கள்தான் சாட்சி.

நாட்காட்டியும் பொதுவாக இருக்க வேண்டும். ஆகாயத்தாமரை தண்ணீரோடு பயணம் செய்யும் செடி. மேலே இருக்கும் ஏரியை விட்டுவிட்டுக் கீழ் ஏரியில் மட்டும் அள்ளினால் அடுத்த வெள்ளத்தில் திரும்ப வந்துவிடும். மிதக்கும் செடிகளின் மேல் முட்டையிடும் இலைக்கோழி போன்ற பறவைகளும் உண்டு. எப்போது அள்ளக் கூடாது என்பதைப் பறவைக் குழுவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்காக எல்லாரும் ஒரே அமைப்பாக மாற வேண்டுமா? வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கேரளத்தின் சைலண்ட் வேலிக் காட்டைப் பாருங்கள். அங்கே ஓடும் குந்திப்புழை ஆற்றில் நீர்மின் அணை கட்ட 1973-இல் திட்டக்குழுவின் ஒப்புதல் கிடைத்தது. அந்தக் காட்டின் பக்கம் பொதுமக்கள் கவனத்தைத் திருப்பிய முதல் சிலரில் ஒருவர், சென்னையில் பாம்புப் பண்ணை அமைத்த ரோமுலஸ் விட்டேக்கர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தன் வழியில் குரல் கொடுத்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு, திட்டத்தின் பொருளாதாரத்தையும் சமூக விளைவையும் அலசி அறிக்கையாக்கி மக்களிடம் கொண்டுபோனது. சுகதகுமாரி உள்ளிட்ட கவிஞர்கள் காட்டுக்காகக் கவிதை எழுதினார்கள். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாம்பு ஆய்வாளர் கவிதை எழுதவில்லை, கவிஞர் மின்சாரக் கணக்குப் போடவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே காட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

கசப்பு எங்கே வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணத்தில் வரும், பெயரில் வரும், தகவலில் வரும். பணத்துக்கு வழி எளிது: பொது வேலைக்கு வரும் தொகையின் கணக்கை எல்லாக் குழுவும் பார்க்கும்படி வையுங்கள். தகவல்தான் கடினம். பத்து ஆண்டு விடிகாலைகளில் எழுந்து சேர்த்த பதிவை ஒருவர் சட்டென்று கொடுத்துவிட மாட்டார். அந்தத் தயக்கம் நியாயமானது. யார் பதிவு செய்தது என்ற குறிப்பு அந்தத் தகவலோடு கடைசிவரை போக வேண்டும். அரிய உயிரினம் கூடு கட்டும் இடத்தைப் பொதுவில் வெளியிடக் கூடாது. வேட்டைக்காரரும் படம் எடுக்க முண்டியடிப்பவரும் அதே குறிப்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த இரண்டையும் முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள்.

எங்கள் இரண்டு குழுவும் மறுபடி பேசத் தொடங்கியது ஒரு பெரிய மாநாட்டில் அல்ல. அவர்களில் ஒருவர், ஏரியைக் கையால் வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். குழி தோண்டக் கூடாத இடங்களைச் சிவப்பில் குறித்திருந்தார். எங்கள் கன்றுகள் நின்ற இடங்களை அதே படத்தில் நாங்கள் பச்சையில் குறித்தோம். அந்தப் படம் இன்னும் இருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு திருத்துகிறோம். மரங்கள் இப்போது எதிர்க்கரையில் வளர்கின்றன.

இந்த ஆண்டு கோடையின் கடைசியில் அவர்களிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. மேட்டில் முட்டைகள் பொரிந்துவிட்டன, குஞ்சுகள் தாயோடு தண்ணீர்ப் பக்கம் நடந்து போய்விட்டன, இனி நீங்கள் அந்தப் பக்கம் குப்பை பொறுக்க வரலாம் என்றார்கள்.

வணக்கம்.