இடைவேளைக்கு முன்னால் நடந்தது

நண்பர்களே, வணக்கம்.

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாக்சிங் டே டெஸ்ட் பார்ப்பதற்காக விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். ஆனால் விளையாட்டுக்காக அந்த மைதானத்தில் கூடிய மிகப் பெரிய கூட்டம் கிரிக்கெட்டுக்குக் கூடியதல்ல. 1970 செப்டம்பர் 26 அன்று 1,21,696 பேர் அங்கே திரண்டார்கள். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் இறுதியாட்டம், கார்ல்டனுக்கும் காலிங்வுட்டுக்கும். இரண்டும் மெல்போர்ன் நகரை ஒட்டிய பேட்டைகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். பகை எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஓர் அணிக்குப் பதினெட்டுப் பேர். மைதானம் முட்டை வடிவம், பந்தும் ஏறக்குறைய உரிக்காத தேங்காய் வடிவம். தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அந்தப் பந்துக்கே தெரியாது. பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கையின் முட்டியால் குத்திக் கொடுக்கலாம். அதற்குப் பெயர் ஹேண்ட்பால். கையால் எறிவது தப்பாட்டம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. கொஞ்சம் குறி தவறினால் ஐந்து புள்ளி போச்சு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆட்டம் நான்கு பகுதிகள். அங்கே அதைக் குவார்ட்டர் என்பார்கள். நான் குவார்ட்டர் என்றால் பின்வரிசை நண்பர்கள் சிரிப்பார்கள், அதனால் கால்பகுதி என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த ஆண்டு கார்ல்டனைச் சந்தித்த ஒவ்வொரு முறையும் காலிங்வுட் தோற்கடித்திருந்தது. இறுதியாட்டமும் அப்படித்தான் தொடங்கியது. முதல் கால்பகுதி முழுவதும் ஓடியும் கார்ல்டனுக்கு ஒரு கோல் கூடக் கிடைக்கவில்லை. மூன்று பிஹைண்ட், அவ்வளவுதான். காலிங்வுட் 32, கார்ல்டன் 3. இடைவேளையின்போது 73-க்கு 29. நாற்பத்து நான்கு புள்ளி வித்தியாசம், ஏழு கோலுக்கும் மேல். கார்ல்டன் ரசிகர்கள் சிலர் அப்போதே கிளம்பியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி கார்ல்டன் இப்படி உதை வாங்கிக்கொண்டிருந்த இரண்டாம் கால்பகுதியில்தான் நடந்தது. அலெக்ஸ் ஜெசலென்கோ என்ற கார்ல்டன் வீரர், காலிங்வுட்டின் நெடிய ஆட்டக்காரர் கிரேம் ஜென்கினின் தோளில் ஏறி, வானத்திலிருந்து பறிப்பதுபோல் பந்தைப் பிடித்தார். இந்த ஆட்டத்தில் அப்படிப் பிடிப்பதை 'மார்க்' என்பார்கள். இன்றைக்கும் ஆண்டின் சிறந்த மார்க்குக்குத் தரும் பதக்கம் ஜெசலென்கோ பெயரில்தான் இருக்கிறது. அவர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பிறந்து, சிறு பிள்ளையாகக் குடிபெயர்ந்து வந்தவர். பாவம், தோள் கொடுத்த ஜென்கினுக்கு மட்டும் பதக்கம் இல்லை.

சரி, இடைவேளைக்கு வருவோம். கார்ல்டனின் பயிற்சியாளர் ரான் பராஸி. முன்பு மெல்போர்ன் அணியின் தலைவராக இருந்தவர். அவர் உடைமாற்றும் அறையில் ஹேண்ட்பால் பண்ணுங்கள், நிற்காமல் ஓடுங்கள் என்று கட்டளையிட்டார். அந்தக் காலத்தில் ஹேண்ட்பால் என்பது மாட்டிக்கொண்டவன் கடைசியில் செய்கிற காரியம். வசதியாக நிற்பவன் பந்தைத் தூர உதைப்பான், அதுதான் முறை. பராஸி அதைத் தலைகீழாக்கினார். பந்து கிடைத்தவன் ஓடி வருகிற சகாவுக்குக் கொடு, அவன் அடுத்தவனுக்குக் கொடுக்கட்டும் என்றார்.

இன்னொன்றும் செய்தார். பெர்ட் தார்ன்லியை வெளியே எடுத்து, பத்தொன்பதாம் ஆளாக உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸை உள்ளே அனுப்பினார். அன்றைய விதிப்படி வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக முடியாது, இருந்த மாற்று ஆட்களும் இரண்டே பேர். ஒல்லியான பையன் ஹாப்கின்ஸ், அதிகம் ஆடியவரும் இல்லை. அவர் நான்கு கோல் அடித்தார். மூன்றாம் கால்பகுதியில் கார்ல்டன் அடித்தது 8 கோல், பிஹைண்ட் ஒன்றுகூட இல்லை. உதைத்ததெல்லாம் நடுவில் போனது.

அப்போதும் காலிங்வுட்தான் 17 புள்ளி முன்னால் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசிக் கால்பகுதியில் காலிங்வுட் ஒரே ஒரு கோல், ஒரே ஒரு பிஹைண்ட். கார்ல்டன் ஐந்து கோல். முடிவு நெருங்கும்போது ஜெசலென்கோ நெடுந்தூரம் உதைத்த பந்து, ஆளில்லாத கோல் வாயில் துள்ளித் துள்ளி உள்ளே போயிற்று. கார்ல்டன் 111, காலிங்வுட் 101.

இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் இடைவேளையில் தொடங்குவார்கள். பராஸி பேசினார், வீரர்கள் வீறுகொண்டார்கள், வென்றார்கள் என்று முடிப்பார்கள். எனக்கு அது போதவில்லை. ஆட்ட அட்டையை ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். கார்ல்டன் 17 கோல், 9 பிஹைண்ட். காலிங்வுட் 14 கோல், 17 பிஹைண்ட். அதாவது புள்ளி கிடைத்த உதைகள் கார்ல்டனுக்கு 26, காலிங்வுட்டுக்கு 31. அதிகமுறை குறிபார்த்தவர்கள் தோற்றார்கள்! அந்தப் பதினேழில் இரண்டு மட்டும் நடுவில் போயிருந்தால் ஆட்டம் சமன். மூன்று போயிருந்தால் காலிங்வுட்டுக்குக் கோப்பை. பதினேழில் பதின்மூன்றை முதல் பாதியிலேயே, எதிரி கீழே கிடந்த நேரத்திலேயே, வீணாக்கிவிட்டார்கள். பராஸியின் பேச்சு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதின்மூன்றில் நான்கு மட்டும் நடுவில் போயிருந்தால் இடைவேளையில் வித்தியாசம் 64 ஆகியிருக்கும். 44 புள்ளியை எட்டிப் பிடிக்கலாம், 64 புள்ளியைப் பிடிக்க எந்தப் பேச்சு உதவும்?

காலிங்வுட் பயிற்சியாளர் பாப் ரோஸை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. அவர் பயிற்சியில் அந்த அணி 1964-இல் இறுதியாட்டம் வந்து 4 புள்ளியில் தோற்றது. எதிரணித் தலைவர் யார் தெரியுமா? இதே பராஸி. 1966-இல் 1 புள்ளியில் தோற்றது. அப்புறம் இந்த 10. மூன்று கோப்பையும் போனது மொத்தம் பதினைந்து புள்ளியில். 1958-இல் வென்ற காலிங்வுட், அடுத்த கோப்பையை 1990-இல்தான் தொட்டது.

ஹாப்கின்ஸ் என்ன ஆனார்? அடுத்த ஆண்டு ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, சின்ன வயதிலேயே விலகிவிட்டார். கவிதை எழுதினார். 1990-களில் சாம்பியன் டேட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இன்று ஆஸ்திரேலிய லீக்கின் ஒவ்வோர் உதையையும், ஒவ்வொரு ஹேண்ட்பாலையும் எண்ணிக் கணக்கு வைப்பது அந்த நிறுவனம்தான். அற்புதம் என்று ஊரே சொன்ன ஆட்டத்தின் நாயகன், கடைசியில் எண்ணுகிற வேலைக்குப் போனார். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த ஆட்டத்தின் படம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். எல்லோரும் மூன்றாம் கால்பகுதிக்குத் தாவிவிடுவார்கள். நீங்கள் முதலிலிருந்து பாருங்கள். அந்த முதல் கால்பகுதியில் காலிங்வுட் எட்டு பிஹைண்ட் அடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ரசிகர்கள் கைதட்டுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.