ரெக்கார்டு நோட்டில் அடங்காத இயற்பியல்

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பள்ளி மாணவர்களுக்கான இயற்பியல் ஒலிம்பியாட் போட்டி என்றதும், ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ-யை விடக் கஷ்டமான இன்னொரு கேள்வித்தாள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. சர்வதேசப் போட்டியின் 50 மதிப்பெண்ணில் 20 செய்முறைக்கு. மேஜை மேல் வைத்திருக்கும் சாமான்களோடு ஐந்து மணி நேரம் தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

1967-ல் வார்சாவில் ஐந்து நாடுகளோடு தொடங்கிய போட்டி இது. இந்தியா 1998-லிருந்து கலந்துகொள்கிறது. 2015-ல் மும்பையிலேயே நடந்தது, அந்த வருடச் செய்முறைத் தேர்வில் ஒரு கேள்வியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு சின்ன ஸ்பிரிங், ஒரு லேசர், ஒரு திரை. ஸ்பிரிங் மேல் லேசர் ஒளி விழுந்தால் திரையில் பெருக்கல் குறி மாதிரி, புள்ளி புள்ளியாக இரண்டு கோடுகள் தெரியும். ஏன் இரண்டு? சுருளின் முன்பக்கக் கம்பிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன, பின்பக்கக் கம்பிகள் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு சாய்வும் தனக்குச் செங்குத்தாக ஒரு புள்ளி வரிசையைத் தருகிறது. இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள கோணத்தை அளந்தால் கம்பியின் சாய்வு கிடைத்துவிடும், புள்ளிகளின் இடைவெளியிலிருந்து சுற்றுகளின் இடைவெளி, ஒளி மங்கி மறையும் இடங்களிலிருந்து கம்பியின் தடிமன். வேதியியலாளர் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் 1952-ல் எடுத்த, சுருள் வடிவ டிஎன்ஏ-வின் எக்ஸ் கதிர்ப் படத்தில் இருப்பதும் இதே பெருக்கல் குறிதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கேள்வியைக் கொடுக்கலாம் என்று யோசித்தவர்களை எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

சரி, நம் பிள்ளைகள் அங்கே போவது எப்படி? முதலில் நவம்பர் வாக்கில் இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் தேர்வு, அடுத்தது தேசிய ஒலிம்பியாட், அதிலும் தேறினால் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் முகாம். அங்கிருந்து ஐந்து பேர். இதில் கவனிக்க வேண்டியது, முதல் இரண்டு கட்டத்திலும் செய்முறையே கிடையாது. முகாமில்தான் முதல் தடவையாகக் கருவியைத் தொட்டு யோசிக்கச் சொல்வார்கள், அதுவரை நம் லேபில் என்ன பழகியிருக்கிறோம்? புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பதற்காக ரீடிங்கைப் பின்னாலிருந்து போட்டு நிரப்பப் பழகியிருக்கிறோம். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பப்ளிக் பிராக்டிகல் எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பியாடில் எத்தனை ரீடிங் எடுத்தாய், வரைபட அச்சில் அலகு எழுதினாயா, அளவீட்டுப் பிழை எவ்வளவு என்று சொன்னாயா, இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு.

அதனால் பழைய கேள்வித்தாள்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. அப்புறம் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்து, லேசர் பாயிண்டர் ஒளியை அதன் வழியாக நாலு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விழச் செய்யுங்கள். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டிப் புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, கம்பியின் தடிமனைக் கணக்குப் போட்டுவிட்டு, தடிமனை நேராக அளக்கும் ஸ்க்ரூகேஜ் கருவியை வைத்துச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லையா? ரீடிங்கைத் திருத்தாதீர்கள், சுவர் வரைக்குமான தூரத்தை முதலில் மறுபடி அளந்து பாருங்கள்.