பொறியில் விழுந்தது எல்லாமே எதிரியா?

வணக்கம் மக்களே! இன்றைக்கு நான் கடுப்பில் இருக்கிறேன். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டில், மரப்பட்டையைத் துளைக்கும் பட்டை வண்டுக்கு வைத்த பொறியைத் திறந்து, "தொல்லை ஒழிந்தது" என்று ஒருவர் படம் போட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் குவியலுக்கு நடுவில் சிவப்பு மார்பு, இறக்கையில் வெள்ளைப் பட்டை. தானாசிமஸ் ஃபார்மிகேரியஸ்! என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எனக்கு உயிரான வண்டு. பக்கத்திலேயே இன்னொன்று. ஓரத்தில் கால் மட்டும் தெரிகிறதே, அதுவும் அதேதான், ரொம்ப நேரம் உற்றுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பட்டை வண்டைப் பிடித்துத் தின்கிறவனையே கொன்று வைத்திருக்கிறார்கள்.

அது ஏன் அங்கே வந்தது? வாசனைதான். ஸ்ப்ரூஸைத் தாக்கும் பட்டை வண்டான ஐப்ஸ் டைபோகிராஃபஸில், ஆண் வண்டு முதலில் போய் மரத்தைத் துளைக்கும். மரம் பிசினை விட்டு விரட்டப் பார்க்கும். அந்தப் பிசினில் இருக்கிற ஆல்ஃபா-பைனீன் என்ற வேதிப்பொருளையே வண்டு சிஸ்-வெர்பெனால் என்ற வாசனையாக மாற்றி, கூட்டத்தைக் கூப்பிடும். மரத்தின் ஆயுதமே வண்டுக்கு அழைப்பு மணி! ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினால் பிசின் தாங்காது. அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு தானாசிமஸும் வந்துவிடும். பொறியில் வண்டைக் கவர வைக்கிற மருந்திலும் அதே சரக்குதான்.

இரை சும்மா இருக்குமா? வட அமெரிக்காவின் ஐப்ஸ் பைனி என்ற பட்டை வண்டு, இப்ஸ்டியெனால் என்ற அழைப்பு வாசனையோடு லேனியரோன் என்ற இன்னொன்றையும் சேர்த்து விடுகிறது. சொந்தக்காரர்கள் அதற்கு ஓடி வருவார்கள், வேட்டை வண்டுகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், தனி வீடியோ போடுகிறேன்.

ஆங், வெர்பெனோன் என்ற இன்னொரு வாசனையை விட்டுவிட்டேன், அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். மரத்தில் கூட்டம் நிரம்பியதும் இந்த வாசனை கூடும், தியேட்டர் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை மாட்டுகிற மாதிரி. புதிதாக வருகிற வண்டு வேறு மரம் பார்க்கும். வட அமெரிக்காவில் மலைப் பைன் வண்டு என்ற இன்னொரு பட்டை வண்டிடமிருந்து பைன் மரங்களைக் காப்பாற்ற, வெர்பெனோன் பைகளை நல்ல மரங்களிலேயே மாட்டுகிறார்கள். எனக்குப் பொறியைவிட இதுதான் பிடிக்கும், யாரையும் கொல்லத் தேவையில்லை.

பொறிதான் வைப்பேன் என்றால், அடியில் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த கிண்ணம் வையுங்கள். அடிக்கடி திறந்து, சிவப்பு மார்புக்காரர்களை உயிரோடு மரத்தில் விட்டுவிடுங்கள். அப்புறம் படம் எடுங்கள்.