பெட்டியைக் கொண்டு வந்தவர் யார்? 1792 நியூயார்க் ஆளுநர் தேர்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

1792 ஏப்ரலில் நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தல். 1777 முதல் பதவியில் இருந்த ஜார்ஜ் கிளின்டனை எதிர்த்து நின்றவர் ஜான் ஜே. அப்போது அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. கடன் போக 100 பவுண்டு பெறுமான சொந்த நிலம் உள்ளவர்களுக்குத்தான் ஆளுநர் தேர்தலில் ஓட்டு.

போட்ட ஓட்டை ஊரிலேயே எண்ணுவதில்லை. சீட்டுகள் முத்திரையிட்ட பெட்டியில் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஷெரீப்பிடம், அதாவது அதன் சட்டம் ஒழுங்கு அதிகாரியிடம் போகும். எல்லா ஊர்களிலிருந்தும் வந்ததை அவர் ஒரே பெட்டியில் சேர்த்து, தானே அல்லது தன் துணை ஷெரீப் மூலம் மாநிலச் செயலர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சட்டமன்றத்தின் ஒவ்வோர் அவையிலிருந்தும் 6 பேர் வீதம் 12 பேர் உட்கார்ந்து எண்ணுவார்கள்.

சிக்கல் வழியில்தான் வந்தது. டயோகா கவுன்டிப் பெட்டியை எடுத்துவந்த துணை ஷெரீப்புக்கு நடுவழியில் உடம்புக்கு முடியாமல் போக, தன் எழுத்தரிடம் கொடுத்தனுப்பினார். கிளின்டன் கவுன்டியில் (ஆளுநர் பெயரேதான்!) பெட்டியைக் கொண்டுவந்தவருக்குத் துணை ஷெரீப் நியமனமே கிடையாது. ஆனால் தேர்தலைப் புரட்டியது ஆட்சிகோ கவுன்டி. அங்கே ஜேயின் கை ஓங்கியிருந்தது. ஷெரீப் பதவி ஓராண்டு நியமனம். பழையவரின் காலம் பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. புதியவர் நியமிக்கப்பட்டும் பொறுப்பேற்கவில்லை. இடைவெளியில் பழையவரே பெட்டியை வாங்கி, தன் துணையாள் மூலம் அனுப்பிவிட்டார். ஷெரீப்புகளை நியமித்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஆளுநர் கிளின்டனேதான்.

எண்ணும் குழு பிளவுபட்டு, அமெரிக்க செனட்டில் மாநிலத்தின் சார்பில் இருந்த இரு உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டது. அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை பழையவர் செய்தது செல்லும், ஆட்சிகோ ஓட்டுகளை எண்ணலாம் என்றார் ரூஃபஸ் கிங். கூடாது என்றார் ஆரன் பர். குழுவில் கிளின்டன் ஆதரவாளர்களே பெரும்பான்மை. மூன்று கவுன்டி ஓட்டுகளும் தள்ளுபடியாயின. கிளின்டனுக்கு 8,440, ஜேக்கு 8,332. வித்தியாசம் 108.

என் கணிப்பில் கிங்கின் வாதமே வலுவானது. அதிகாரிகளின் காலதாமதத்துக்கு வாக்காளரைத் தண்டிப்பதில் நியாயமில்லை. ஆனால் டயோகா விஷயத்தில் சட்டத்தின் எழுத்து குழுவின் பக்கம் இருந்தது.

கோபத்தில் கொதித்த ஆதரவாளர்களை ஜேதான் அமைதிப்படுத்தினார். 1795 தேர்தலில் கிளின்டன் போட்டியிடவில்லை. ஜே இங்கிலாந்து சென்றிருந்த நேரத்திலேயே அந்தத் தேர்தல் நடந்தது. அதில் அவர் ஆளுநரானார்.